ஆறில் எது கூடுதல்? பிறவியிலேயே வரும் ஆறாம் கால்விரலும் அதற்கான அறுவை சிகிச்சையும்

குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுக்கும்போதே சிஸ்டர் சொல்லிவிட்டார்: "இடது கால்ல ஆறு விரல் இருக்கு. பயப்படாதீங்க, டாக்டர் பார்த்துட்டாங்க." பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது. அக்கா துணியை விலக்கினாள். சுண்டுவிரலை ஒட்டி, பாதத்தின் வெளிப்பக்கமாக, நகத்தோடு இன்னொரு விரல். ஆச்சிக்கு மட்டும் சந்தோஷம். "ஆறு விரலு அதிர்ஷ்டம்லா. ஒருத்தரும் அதுல கத்திய வச்சிராதீய."

இப்போது அந்தக் காலில் ஐந்து விரல்தான். ஆனால் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த அந்த விரல் எங்கும் போகவில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்தது, நாங்கள் எல்லோரும் சுண்டுவிரல் என்று நினைத்துக்கொண்டிருந்த அதன் பக்கத்து விரலை. டாக்டர் இதைச் சொன்னபோது மச்சான் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "தப்பான விரலை எடுக்கப் போறாங்களோ" என்று என்னிடம் தனியாக வந்து கேட்டார். நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் பல வருஷம் இருந்தவன். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்வதைக் காதில் கேட்டு டைப் அடிக்கிற வேலை. இதே அறுவை சிகிச்சைக் குறிப்புகளை எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். அன்றைக்கு மச்சானுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் இது எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதைச் சொல்லிவிடலாம். காலில் கூடுதல் விரலோடு பிறப்பது ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றிரண்டு பேருக்கு நடப்பது. மருத்துவத்தில் இதற்குப் பாலிடாக்டிலி என்று பெயர். கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல, 'டாக்டிலோஸ்' என்றால் விரல். அவ்வளவுதான், பெயரைக் கேட்டு மிரள ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் முளைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்றாகப் பிரிப்பார்கள். சுண்டுவிரல் பக்கம் வருவதுதான் பெரும்பான்மை, ஐந்தில் நான்கு அந்த வகை. பெருவிரல் பக்கம் வருவது குறைவு. நடுவிரல்களில் ஒன்று இரட்டிப்பது மிகவும் அரிது. சிலருக்கு ஒரு காலில் மட்டும், சிலருக்கு இரண்டிலும். கையிலும் சேர்ந்து வருவது உண்டு.

தோற்றத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சில குழந்தைகளுக்கு எலும்பே இல்லாமல் ஒரு சதைத் துணுக்கு, மரு மாதிரி தொங்கும். சிலருக்கு நகம், மூட்டு, எலும்பு எல்லாம் உள்ள முழு விரல். சிலருக்கு இரண்டு விரலும் ஒரே தோலுக்குள் ஒட்டிப் பிறந்து, நகம் மட்டும் இரண்டாகத் தெரியும். வெளியே பார்ப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

விரல் எண்ணிக்கையை யார் முடிவு செய்கிறார்கள்?

கர்ப்பத்தின்போது செய்த எந்தக் காரியத்தாலும் இது வந்ததில்லை என்பதை அக்காவுக்குப் புரியவைக்க நாள் பிடித்தது. கிரகணத்தன்று வெளியே போனது, பப்பாளி சாப்பிட்டது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லி அவளை ஒருவழி ஆக்கிவிட்டார்கள். உண்மையில் விரல்கள் உருவாகும் காலமே ரொம்பச் சீக்கிரம். கரு உண்டாகி நான்காவது வாரத்தில் கை, கால் இருக்கவேண்டிய இடங்களில் சின்ன மொட்டுகள் தோன்றும். அந்த மொட்டு துடுப்பு மாதிரித் தட்டையாகி, அதற்குள் விரல்களுக்கான கதிர்கள் உருவாகி, நடுவில் உள்ள செல்கள் தாமாகவே மடிந்து விரல்கள் பிரியும். எட்டாவது வாரம் முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். பல பெண்கள் ஸ்கேனுக்கே போயிருக்காத நேரம் அது.

துடுப்பின் எந்தப் பக்கம் பெருவிரல், எந்தப் பக்கம் சுண்டுவிரல், எத்தனை விரல் என்பதை மொட்டின் ஒரு ஓரத்தில் உள்ள சிறு பகுதி கட்டளையிடுகிறது. 1968இல் சாண்டர்ஸ், காஸெலிங் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிக் கருவின் இறக்கை மொட்டில் அந்தப் பகுதியை வெட்டி எதிர் ஓரத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியில் பார்த்தது போல இறக்கை விரல்கள் இரட்டித்தன. அந்தப் பகுதி சுரக்கும் புரதத்துக்கு உரிய மரபணுவைப் பின்னால் கண்டுபிடித்தபோது, அதற்கு ஒரு வீடியோ கேம் முள்ளெலியின் பெயரையே வைத்துவிட்டார்கள்: சோனிக் ஹெட்ஜ்ஹாக். விஞ்ஞானிகளும் கேம் விளையாடுகிறவர்கள்தானே.

இதில் சுவாரசியம் என்னவென்றால், இந்த மரபணுவைக் கை, கால் மொட்டில் முடுக்கிவிடும் சுவிட்ச் அதன் பக்கத்தில் இல்லை. டி.என்.ஏ. தொடரில் ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி, இன்னொரு மரபணுவின் உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்தச் சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் புரதம் சுரக்கக் கூடாத ஓரத்திலும் சுரந்து, பெருவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கலாம். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் இன்றும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பூனைகள் திரிகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதிக்கு ஆறு விரல். அந்தப் பூனைகளிடம் கண்டதும் இதே சுவிட்சில் ஏற்பட்ட மாற்றம்தான். சுண்டுவிரல் பக்கம் வருவதற்கு வேறு மரபணுக்கள் காரணமாகலாம்.

குடும்ப வழியில் வருவது நிறைய. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற கணக்கில் வரும் வகைதான் பரவலானது. ஆனால் மரபணு இருந்தும் விரல் முளைக்காமல் போகிறவர்களும் உண்டு. அதனால்தான் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தாவுவது போலத் தெரிகிறது. மச்சானின் சித்தப்பாவுக்கு ஆறு விரல் இருந்தது என்பதே அக்கா மகள் பிறந்த பிறகுதான் வெளியே வந்தது.

விரலை மட்டும் பார்த்தால் போதாது

கூடுதல் விரலோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வேறு கோளாறு எதுவும் இருக்காது. ஆனாலும் நல்ல குழந்தை மருத்துவர் விரலைப் பார்த்ததும் அடுத்தபடியாக ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைப்பார், கை, கால் நீளத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், "நீங்க சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் கோபப்படக் கூடாது. எல்லிஸ்-வான் கிரெவெல்ட், பார்டெட்-பீடில் என்று சில அரிய நோய்க்குறிகளில் ஆறாம் விரல் ஒரு அடையாளம். பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் அவை வெளிப்படும். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டும் குடும்பங்களில் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுதல். முதல் நோயில் கை, கால் குட்டையாக இருக்கும், இதயத்தில் ஓட்டை இருக்கலாம். இரண்டாவதில் குழந்தை வளர வளர உடல் பருக்கும், இரவில் பார்வை மங்கத் தொடங்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பெருவிரல் பக்கம் கூடுதல் விரல் இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்ததா என்றும் கேட்பார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள உள்பக்க எலும்பு சரியாக வளர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் இதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும்.

எடுத்தே ஆகவேண்டுமா?

இல்லை. இது உயிர்போகும் பிரச்சினை அல்ல, அவசரமும் அல்ல. ஆச்சி சொன்ன அதிர்ஷ்டக் கணக்கை நான் கிண்டல் செய்வதில்லை. அந்த நம்பிக்கையால்தான் எத்தனையோ குழந்தைகள் கேலிக்குப் பதில் செல்லமாக வளர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சாக்கோ பள்ளத்தாக்கில் பழைய பூர்வகுடிகள் கட்டிய புவெப்லோ பொனிட்டோ என்ற பெரும் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஆறு விரல் பாதச் சுவடுகளைச் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். தோண்டியெடுத்த எலும்புக்கூடு ஒன்றில், ஆறு விரல் உள்ள காலில் மட்டும் அலங்காரக் கொலுசு. ஐந்து விரல் காலில் எதுவுமில்லை. அங்கேயும் ஒரு ஆச்சி இருந்திருப்பாள்.

விரலை எடுக்காமலே பெரிதாகச் சாதித்தவரும் நம் நாட்டில் இருக்கிறார். மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மன், இரண்டு காலிலும் ஆறாறு விரல் உள்ளவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் என்ற ஏழு போட்டிகள் கொண்ட பிரிவில் 6,026 புள்ளிகளோடு தங்கம் வென்றார். அந்தப் பிரிவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற முதல் இந்தியர். ஆனால் வென்ற கையோடு அவர் கேட்டது என்ன? தன் காலுக்குப் பொருந்தும் ஷூ. சாதாரண ஷூவில் ஓடியதால் வந்த வலியைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். அதன்பிறகுதான் அடிடாஸ் நிறுவனம் அவரை ஜெர்மனிக்கு அழைத்துக் கால் அளவெடுத்துத் தனியாக ஷூ செய்து கொடுத்தது.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கையில் கூடுதல் விரல் இருந்தால் கேள்வி பிடிப்பும் தோற்றமும். காலில் என்றால் கேள்வி ஷூ. பாதம் அகலமாகிவிடுவதால் ஷூ அமுக்கும், வெளிவிரலில் காய்ப்பு காய்க்கும், நகம் சதைக்குள் வளரும். வெறும் காலோடும் செருப்போடும் போகிற வயதில் தெரியாது. ஒன்றாம் வகுப்புக்குக் கறுப்பு ஷூ வாங்கக் கடைக்குப் போகும் அன்றைக்குத்தான் தெரியும். ஒரு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் கழன்றுவிடும், சரியான அளவில் வாங்கினால் விரல் நசுங்கும். இந்தத் தொந்தரவு வருமென்று தெரிந்தால் முன்கூட்டியே எடுப்பது நல்லது என்பது என் கட்சி. விரல் மெலிந்து, பாதத்தின் வரிசையிலேயே ஒட்டி, தொந்தரவில்லாமல் இருந்தால் விட்டுவிடுவதிலும் தப்பில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மருவுக்குக் குதிரை முடி கட்டுவது போல, இந்த விரலின் அடியில் நூலையோ முடியையோ இறுக்கிக் கட்டி, தானாக விழட்டும் என்று விடுவது. எலும்பில்லாத மெல்லிய காம்பில் தொங்கும் துணுக்குகளை மருத்துவமனையிலேயே சில இடங்களில் கட்டிவிடுவது உண்டு. அதிலும்கூட அடியில் ஒரு முண்டு மிச்சமாவது, சீழ் பிடிப்பது, வெட்டுப்பட்ட நரம்பு முனை தழும்புக்குள் சிக்கித் தொட்டாலே வலிப்பது என்று தொல்லைகள் வருகின்றன. எலும்புள்ள விரலில் வீட்டிலேயே கட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பச்சைக் குழந்தைக்கு அழுவதைத் தவிர வேறு சொல்லத் தெரியாது.

எந்த வயதில்?

எலும்புள்ள விரல் என்றால் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் ஒரு வயதை ஒட்டிய காலத்தைத்தான் சொல்வார்கள், ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். காரணங்கள் உண்டு. ஆறு மாதத்துக்குக் கீழே மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து சற்றுக் கூடுதல். பிறந்த குழந்தையின் கால் எலும்புகளில் நடுத்தண்டுதான் எக்ஸ்ரேயில் தெரியும். முனைகளெல்லாம் குருத்தெலும்பு, இளநீர் வழுக்கை மாதிரி; எக்ஸ்ரே அதை ஊடுருவிப் போய்விடும். கொஞ்சம் வளரவிட்டால் அளவும் பெரிதாகும், உள்ளே எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதும் தெளியும். மறுபக்கம், ரொம்பத் தள்ளிப்போட்டால் பிள்ளை நடந்து, ஓடி, கட்டுப் போட்ட காலை ஒரு இடத்தில் வைக்க மறுக்கும். ஒரு வயதுக்கு முன்னால் செய்தால் குழந்தைக்கு அது நினைவிலேயே இருக்காது.

பெரியவர்களானபின் செய்ய முடியாதா? முடியும். எலும்பு கெட்டிப்பட்டிருக்கும், ஆற நாளாகும், வேலைக்கு லீவு போடவேண்டும், அவ்வளவுதான்.

கவட்டைக் கம்பு

அக்காவோடு நானும் போயிருந்த அன்று எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் இருக்கும்; ஒவ்வொரு விரலும் ஒவ்வொன்றின் நுனியில் உட்கார்ந்திருக்கும். இவளுக்கு ஐந்தாவது நீள எலும்பு நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு விரல். டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு கவட்டையை வரைந்தார். "சின்ன வயசுல குருவி அடிச்சிருக்கீங்களா? அந்தக் கவட்டக் கம்புதான் இது."

கால் கூடுதல் விரலை வகைப்படுத்தும்போது வெளியே தெரியும் விரலைவிட இந்த நீள எலும்பின் வடிவத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று 1976இல் வென்-வாட்சன் என்பவர் ஒரு வகைப்பாடு கொடுத்தார். இன்றும் பயன்படுவது அதுதான். கவட்டை வடிவம் ஒன்று. தண்டு ஒன்றாகவே இருந்து நுனி மட்டும் பக்கவாட்டில் நீட்டி, சுத்தியல் போல இருப்பது ஒன்று. தலை மட்டும் அகன்று, ஒரே தலையில் இரண்டு விரல் உட்கார்ந்திருப்பது ஒன்று. விரலோடு சேர்த்து நீள எலும்பே முழுசாக இன்னொன்று இருப்பது மற்றொன்று. பெருவிரல் பக்கம் என்றால் முதல் நீள எலும்பு குட்டையாக, கட்டி மாதிரி இருப்பதும் உண்டு. அந்த வகையில் பலன் அவ்வளவு சுத்தமாக வருவதில்லை.

பிறகு டாக்டர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "இதுல எது கூடுதல் விரல்னு சொல்லுங்கம்மா." அக்கா கடைசி விரலைத் தொட்டாள். டாக்டர் கவட்டையின் இரண்டு கிளைகளையும் பேனா நுனியால் அளந்து காட்டினார். வெளிக்கிளைதான் தடித்து நீளமாக இருந்தது. உள்கிளை மெலிந்து, அதன்மேல் இருந்த விரலில் ஒரு எலும்பு குறைவு. விரலும் பிடிப்பில்லாமல் நாலாவது விரலின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. வெளிவிரலைத் தொட்டுச் சொன்னார்: "எண்ணிக்கையில இது ஆறாவது. வேலையில இதுதான் அஞ்சாவது."

மச்சான் குழம்பிய இடம் இதுதான். பெரும்பாலான குழந்தைகளில் வெளிப்பக்க விரல்தான் மெலிந்திருக்கும், அதை எடுப்பார்கள். அது வசதியும்கூட, தழும்பு பாதத்தின் ஓரத்தில் போய்விடும், நடுவில் இடைவெளி விழாது. ஆனால் அது விதி இல்லை. எந்த விரலின் அடி எலும்பு திடமாக இருக்கிறது, எது நேராக இருக்கிறது, எதை மடக்கி நீட்ட முடிகிறது, எதன் நகம் சரியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் எதை வைப்பது என்று முடிவு செய்வார்கள். எதை எடுப்பது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

மேசையில் என்ன நடக்கிறது

அறுவை சிகிச்சை நாளன்று பெற்றோருக்கு இருக்கும் பெரிய கஷ்டம் கத்தி இல்லை, பட்டினி. தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்பே நிறுத்தவேண்டும். பசும்பால், பால்பவுடர், இட்லி எல்லாம் ஆறு மணி நேரம் முன்பே. தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்புவரை. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். 'பசிச்சு அழுதா, ஒரு வாய் கொடுத்தேன்' என்று மறைக்காமல் சொல்லிவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். மறைப்பதுதான் ஆபத்து. சளி, காய்ச்சல் இருந்தாலும் தள்ளிப்போடுவார்கள். இவளுக்கு மூக்கு ஒழுகியதால் முதல் தேதி தள்ளிப்போயிற்று.

முழு மயக்கம்தான் கொடுப்பார்கள். தூங்கியபிறகு முதுகின் அடிமுனையில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது வழக்கம். விழித்தபின் சில மணி நேரம் வலி தெரியாமல் இருக்க அது உதவும். காலில் ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தக் காற்றடைத்த பட்டையை இறுக்குவார்கள். ரத்தம் கசியாத இடத்தில்தான் குழந்தையின் நூல் போன்ற நரம்பையும் ரத்தக் குழாயையும் பார்க்கமுடியும்.

எடுக்கப்போகும் விரலைச் சுற்றி டென்னிஸ் மட்டை வடிவில் தோலைக் கீறுவார்கள், வட்டம் விரலைச் சுற்றி, கைப்பிடி பாதத்தின் ஓரமாக. முதலிலேயே தோலைத் தாராளமாக விட்டுத்தான் வெட்டுவார்கள். மிஞ்சியதைக் கடைசியில் கத்தரிக்கலாம். பற்றாமல் போனால் எங்கே போய் வாங்குவது? ஒட்டிப்பிறந்த விரல்களில் இது நிஜமான சிக்கல். பிரித்தபின் இரண்டு ஓரத்துக்கும் தோல் போதாது. அப்போது எடுக்கப்போகும் விரலின் தோலையே எலும்பு நீக்கி மடித்து மூடப் பயன்படுத்துவது உண்டு. தூக்கிப்போடுகிற விரல்தான் அன்றைக்குத் துணிக்கடை.

உள்ளே போனதும், விரலை அசைக்கும் தசைநாண்களையும், மூட்டை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் நார்களையும் தேடி எடுத்து நூல் போட்டு ஓரமாக வைப்பார்கள். போகும் விரலோடு இவை போய்விடக் கூடாது. நரம்பை மெல்ல இழுத்து உள்ளே தள்ளி வெட்டுவார்கள். அதன் முனை தழும்பில் மாட்டாமல் சதைக்குள் சுருங்கிப்போகட்டும் என்று. பிறகு மூட்டிலிருந்து விரல் கழன்றுவிடும். குழந்தையின் எலும்பு முனை குருத்தாக இருப்பதால், சமயத்தில் கத்தியாலேயே சீவிவிடலாம்.

பார்க்கிறவர்களுக்கு இத்தோடு வேலை முடிந்தது போலத் தோன்றும். நான் டைப் அடித்த குறிப்புகளில் விரலை எடுத்தது இரண்டு வரி வரும். அதற்குப் பிறகு நடந்தது ஒரு பக்கம் வரும். கவட்டையின் மெலிந்த கிளையைத் தண்டோடு ஒட்ட அறுக்கவேண்டும்; மிச்சம் விட்டால் அது குழந்தையோடு சேர்ந்து வளர்ந்து ஷூவில் இடிக்கும். அகன்ற தலையைச் சீவி வட்டமாக்கவேண்டும். ஆனால் எலும்பு நீளமாக வளரும் தட்டு பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தொட்டால் அந்த விரல் குட்டையாகவோ கோணலாகவோ வளரும். வளைந்திருக்கும் கிளையாக இருந்தால் அதை ஆப்பு போல் வெட்டி நேராக்கவேண்டும். பிறகு ஓரமாக எடுத்து வைத்த நாரை, இருக்கப்போகும் விரலின் பக்கவாட்டில் இழுத்துத் தைக்கவேண்டும். சுண்டுவிரலை வெளிப்பக்கம் இழுக்கும் தசையின் முனையையும் அதிலேயே கட்டவேண்டும். இதெல்லாம் ஆறும்வரை விரல் நேராக நிற்க, நுனியிலிருந்து உள்ளே மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைச் செலுத்துவார்கள். இவளுக்கு அந்தக் கம்பி போட்டார்கள். நுனியில் வளைத்து விட்டிருந்த துண்டு, புடவை ஊக்கின் முனை போலத் தெரிந்தது.

நடுவிரல் இரட்டிப்பில் வேறொரு தொல்லை. நடுவிலிருந்து ஒரு விரலையும் அதன் நீள எலும்பையும் எடுத்தால் பல்வரிசையில் ஒரு பல் போனது போல ஓட்டை. இரண்டு பக்கத்து எலும்புகளையும் நெருக்கி, இடையில் உள்ள நாரை இழுத்துத் தைக்காவிட்டால் பாதம் அகலமாகவே இருந்துவிடும். பிறகு எதற்கு அறுவை சிகிச்சை?

பெருவிரல் பக்கம்தான் எல்லாவற்றிலும் கடினம். நடக்கும்போது கடைசியாகத் தரையை உந்தித் தள்ளுவது பெருவிரல். அங்கே விரலை எடுத்துவிட்டு நாரைச் சரியாகக் கட்டாவிட்டால், மிஞ்சிய பெருவிரல் மற்ற விரல்களை விட்டு உள்பக்கமாகச் சாயத் தொடங்கும். அந்தப் பக்க அறுவை சிகிச்சையில் வரும் சிக்கல்களில் முதலிடம் இதற்குத்தான். சில குழந்தைகளுக்கு அதைச் சரிசெய்ய இரண்டாவது தடவை மேசை ஏறவேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

சாதாரண வகை என்றால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எலும்பில் வேலை நடந்திருந்தால் ஒன்றிரண்டு நாள் இருக்கவேண்டி வரலாம். சிறிய கட்டோ, முழங்கால் வரை மாவுக்கட்டோ போடுவார்கள். தையல் பெரும்பாலும் தானாகக் கரைவது. கம்பி இருந்தால் மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஓ.பி.யிலேயே உருவிவிடுவார்கள். அப்போது பெற்றோர் கத்துகிற அளவுக்குக் குழந்தை கத்துவதில்லை.

கட்டோடு தவழும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. முதல் இரண்டு நாள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவேண்டும். கட்டு நனையக் கூடாது. அக்கா பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துக் காலில் மாட்டிக் குளிப்பாட்டினாள். விரல் நுனிகள் கட்டுக்கு வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். அவை ரோஜா நிறமாக, வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். நீலமாகவோ வெளுத்தோ சில்லென்றோ இருந்தால், அல்லது காய்ச்சல், கெட்ட வாடை, கட்டில் ஈரக்கறை, மருந்துக்கும் அடங்காத அழுகை என்றால், குறித்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே கிளம்பிவிடவேண்டும். மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் தையல்மேல் வேண்டாம். இதில் ஆச்சியைக் கண்காணிக்க எனக்கு டியூட்டி போட்டிருந்தார்கள்.

சீழ் பிடிப்பது, தழும்பு தடித்துப்போவது, அறுத்த இடத்தில் எலும்பு முண்டு வளர்வது, இருக்கும் விரல் மெல்லச் சாய்வது ஆகியவைதான் பின்னால் வரக்கூடிய தொல்லைகள். சுண்டுவிரல் பக்கத்தில் பெரும்பாலும் பலன் நன்றாகவே இருக்கும். இந்த அறுவை சிகிச்சையைக் குழந்தை அறுவை சிகிச்சை, எலும்பு, பிளாஸ்டிக் சர்ஜரி ஆகிய மூன்று துறையினரும் செய்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தத் துறைகள் உண்டு. யார் செய்தாலும் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே: எடுத்தபிறகு எதை எதோடு கட்டப் போகிறீர்கள்? அதற்குப் படம் வரைந்து பதில் சொல்பவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம்.

இவளுக்கு இப்போது நான்கு வயது. பாதத்தின் மேல்பக்கம், நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஒரு வெள்ளைக் கோடு. வெயிலில் கறுத்திருக்கும்போது மட்டும் தெரியும். எலும்பு வளரும் வரை சாய்வு எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். போன தடவை அக்கா புதுச் செருப்பு போட்டு, தலைசீவி, பவுடர் அடித்துக் கூட்டிப்போனாள். டாக்டர் புதுச் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுல ஒண்ணும் தெரியாதும்மா. அடுத்த தடவை வீட்ல போட்டுத் தேஞ்ச பழைய செருப்பு இருக்கும் பாருங்க, அதை எடுத்துட்டு வாங்க. எந்த ஓரம் தேஞ்சிருக்குன்னு பார்க்கணும்."